டிராகுலா: எந்தப் படம் நாவலுக்கு நெருக்கம் என்று கேட்டால் நான் முதலில் மினாவைத் தேடுவேன்

கேள்வி இதுதான்: "பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். படங்களில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கிறது. நாவலுக்கு உண்மையாக இருக்கும் படம் எது? 1992இல் வந்த கொப்போலாவின் படத்தைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள். யார் சொல்வது சரி? நாவலுக்குத் தொடர்ச்சியாக வந்த புத்தகங்களைப் படிக்கலாமா?"

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதைப்போக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் 1977இல் பிபிசி எடுத்த 'கவுண்ட் டிராகுலா'தான் மிக நெருக்கம். கொப்போலா படத்தைப் பற்றி இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் நான் எதிர்த் தரப்போடுதான் நிற்பேன். தொடர்ச்சி நாவல்களில் ஒன்றை மனதார சிபாரிசு செய்வேன், ஒன்றைத் தவிர்க்கச் சொல்வேன். இனி காரணங்கள்.

நீங்கள் நாவலை இப்போதுதான் முடித்திருக்கிறீர்கள் என்பதால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 27 அத்தியாயங்களில் முதல் நான்கில்தான் டிராகுலா நம் எதிரே உட்கார்ந்து பேசுகிறான். அதற்குப் பிறகு அவன் ஒரு நிழல். ஜன்னலில் ஒரு வௌவால், கல்லறைத் தோட்டத்து பெஞ்சுக்குப் பின்னால் குனிந்த ஒரு கரிய உருவம், பிக்காடிலி தெருவில் பட்டப்பகலில் ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கும் ஒரு மனிதன். நாவல் முழுக்க மற்றவர்கள் எழுதிய காகிதங்கள்: டிராகுலாவின் கோட்டைக்கு வேலையாகப் போகும் இளம் வழக்கறிஞன் ஜோனதன் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மினாவும் அவள் தோழி லூசியும் எழுதிக்கொண்ட கடிதங்கள், மனநல மருத்துவமனை நடத்தும் டாக்டர் ஸீவர்ட் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிந்த குறிப்புகள், தந்திகள், பத்திரிகைத் துணுக்குகள், ஒரு கப்பலின் பதிவேடு. டிராகுலாவின் கையெழுத்தில் நமக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு சின்னக் கடிதங்கள் மட்டுமே.

இந்தக் காகிதங்களைச் சேர்த்துப் புத்தகமாக்கியவள் மினா. படங்களைப் பற்றி நான் சொல்லப் போகும் எல்லாமே இதை வைத்துத்தான்.

மே 3ஆம் தேதி, கதையின் முதல் பக்கத்திலேயே, ஜோனதன் வழியில் சாப்பிட்ட மிளகாய்த்தூள் போட்ட கோழியைப் பற்றி எழுதிவிட்டு, மினாவுக்காக அதன் செய்முறையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறான். இன்னும் பேயும் இல்லை, கோட்டையும் இல்லை. கல்யாணம் நிச்சயமான ஒருவன் ஊர் சுற்றும்போது வீட்டை நினைக்கிறான், அவ்வளவுதான். இந்தக் குறிப்பை விட்டுவிட்டு எடுக்கப்பட்ட படங்களில் ஜோனதன் வெறும் பலியாடாகத்தான் வந்து போகிறான்.

மினா பள்ளி ஆசிரியை. ஜோனதனுக்கு உதவியாக இருக்க வேண்டும் என்று சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் பழகுகிறாள். ரயில் நேரங்கள் அவளுக்கு மனப்பாடம். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்து வேலைக்குப் போன பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் மினா எனக்கு உடனே வீட்டு மனுஷி ஆகிவிட்டாள். ஸீவர்ட் மாதக்கணக்கில் மெழுகு உருளைகளில் பேசிப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். மினா அதைக் கேட்க விரும்பும்போதுதான் அவருக்கு உறைக்கிறது, குறிப்பிட்ட ஒரு நாளின் பதிவை எப்படித் தேடி எடுப்பது என்றே தனக்குத் தெரியாது என்று. மினா உட்கார்ந்து ஒவ்வொரு உருளையாகக் கேட்டு, கார்பன் வைத்து மூன்று பிரதி டைப் அடிக்கிறாள். பிறகு ஜோனதனோடு சேர்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குகிறாள். அப்படி அடுக்கிய பிறகுதான் ஸீவர்டுக்குத் தெரிகிறது, தன் மருத்துவமனைக்குப் பக்கத்து வீடே டிராகுலாவின் மறைவிடம் என்றும், நோயாளி ரென்ஃபீல்டின் வெறியாட்டங்கள் அவன் வந்து போகும் நேரங்களோடு பொருந்துகின்றன என்றும். இந்த நாவலில் துப்பறிவது டைப்ரைட்டர்தான்.

இங்கேதான் ஸ்டோக்கர் கதையின் முள்ளை வைக்கிறார். இவ்வளவும் செய்து கொடுத்த மினாவை, "இனி இது ஆண்கள் பார்த்துக்கொள்ளும் வேலை, நீ தூங்கு" என்று டிராகுலாவை வேட்டையாடும் அந்த ஐந்து பேரும் (ஜோனதன், பேராசிரியர் வான் ஹெல்சிங், லூசியைக் காதலித்த ஸீவர்ட், ஆர்தர், குயின்சி மாரிஸ்) ஒதுக்கி வைக்கிறார்கள். பாதுகாப்பதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். அவர்கள் பக்கத்து வீட்டில் டிராகுலா படுத்துறங்கும் மண்பெட்டிகளைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தனியாகத் தூங்கும் மினாவிடம் டிராகுலா வந்துவிடுகிறான். அக்டோபர் 3ஆம் தேதி அதிகாலையில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைபவர்கள் பார்ப்பது அந்த நாவலின் மிகக் கொடுமையான காட்சி. அதே இரவில் டிராகுலா இன்னொரு காரியமும் செய்கிறான். படிப்பறைக்குப் போய்க் கையெழுத்துப் பிரதிகளையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டு எரிக்கிறான். பெட்டகத்தில் இன்னொரு பிரதி இருந்ததால்தான் அந்தக் கதை பிழைக்கிறது. அந்தப் பிரதியும் மினா அடித்ததே.

இவ்வளவு சொல்லிவிட்டேன், இனி படங்களுக்கு வருகிறேன். ரசிகர்கள் பெரும்பாலும் பல், மீசை, வெயில், மேலங்கி என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதுவும் சுவாரசியமான கணக்குதான். நாவலில் அவன் நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவன், ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறான். வெயில் அவனைக் கொல்லாது, பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவே. சாகும்போது மார்பில் மரமுளையும் அடிக்கப்படுவதில்லை. ஜோனதனின் குக்ரி கத்தி கழுத்தில், குயின்சி மாரிஸின் வேட்டைக் கத்தி நெஞ்சில், சூரியன் மறையும் நேரத்தில் அவன் தூளாகிப் போகிறான்.

அப்படியானால் வெயில் பட்டதும் சாவது எங்கிருந்து வந்தது? 1922இல் முர்னாவ் எடுத்த ஜெர்மன் மௌனப்படமான 'நோஸ்ஃபெராட்டு'விலிருந்து. தயாரித்த பிரானா நிறுவனம் உரிமை வாங்காமலே, டிராகுலாவை ஓர்லாக் என்று பெயர் மாற்றி எடுத்தது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் விடாமல் வழக்கு நடத்தி, 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். ஆனால் எங்கெங்கோ போயிருந்த சில பிரதிகள் தப்பின, அவற்றால்தான் இன்று நாம் அந்தப் படத்தைப் பார்க்கிறோம். நாவலின் நெருப்புக் காட்சியைப் படித்தவர்களுக்கு இது என்ன ஞாபகத்தைக் கொண்டுவரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலங்கி மேடையிலிருந்து வந்தது. ஹாமில்டன் டீன் 1924இல் இங்கிலாந்தில் நாடகம் போட்டபோது, டிராகுலா மேடையிலேயே மாயமாக மறைய வேண்டியிருந்தது. உயர்ந்த காலர் நடிகரின் தலையை மறைக்க, மற்றவர்கள் அங்கியைப் பிடித்திருக்கும்போது அவர் கீழே திறக்கும் கதவு வழியாக இறங்கிவிடுவார். 1927இல் நியூயார்க் மேடையில் பேலா லுகோசி அதைப் போட்டார், 1931 படத்திலும் அவரே நடித்தார். அந்தப் படம் நாடகத்தைப் பின்பற்றியது, அதனால்தான் பாதிப் படம் வரவேற்பறையில் நடக்கிறது. மினா அதில் ஸீவர்டின் மகளாகி, மயங்கி விழுவதைத் தவிர அதிக வேலை இல்லாதவளாகிறாள். அதே அரங்குகளில் இரவில் இன்னொரு குழு ஸ்பானிஷ் மொழியில் அதே கதையை எடுத்தது. கேமரா நகர்வில் ஸ்பானிஷ் படம் மேல் என்பவர்களோடு எனக்குச் சம்மதம். ஆனால் லுகோசியின் அந்த இழுத்துப் பேசும் குரல் அதில் இல்லை, அந்த இழப்பு சாதாரணமானதில்லை.

1958இல் ஹாமர் நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் எடுத்த படம் கதையை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டது. ஜோனதன் தெரிந்தே கோட்டைக்கு வருகிறான், லூசி அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், மினா ஆர்தரின் மனைவி. நாவலை வைத்து மார்க் போட்டால் ஃபெயில்தான். ஆனாலும் கிறிஸ்டோபர் லீ படியிறங்கி வந்து நிதானமாக வரவேற்கும் அந்த முதல் காட்சியும், கடைசியில் பீட்டர் குஷிங் மேசைமேல் ஓடிப் பாய்ந்து திரையைக் கிழித்து வெயிலை உள்ளே விடுவதும் சினிமாவாக அபாரம். லீயோடு ஹாமர் மொத்தம் ஏழு டிராகுலா படங்கள் எடுத்தது. அவற்றில் 1966இல் வந்த இரண்டாவது படத்தில் டிராகுலா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பட வரிசைத் தொடர்ச்சிகளைப் பற்றி இதற்கு மேல் நீட்ட மாட்டேன். அவை நாவலின் தொடர்ச்சிகளே இல்லை, முந்தைய படத்தில் செத்தவனை எழுப்புவதற்கான வழிகள்.

சரி, 1977 பிபிசி. லூயி ஜூர்டான் டிராகுலா, ஃப்ராங்க் ஃபின்லே வான் ஹெல்சிங். இரண்டரை மணி நேரம். டிராகுலா இங்கிலாந்தில் கரையிறங்கும் விட்பி ஊர்க் காட்சிகளை அங்கேயே போய் எடுத்தார்கள். ஆர்தரையும் குயின்சியையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டார்கள், மினாவையும் லூசியையும் சகோதரிகள் ஆக்கிவிட்டார்கள், டிராகுலாவுக்கு மீசையும் இல்லை. இருந்தாலும் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. கோட்டைச் சுவரில் அவன் தலைகீழாக இறங்கும் காட்சியை நாவலைப் படித்த கையோடு பாருங்கள். வித்தை எதுவும் காட்டாமல் எடுத்திருப்பார்கள், அதனாலேயே வயிற்றைப் பிசையும். முக்கியமாக, மினாவுக்கு நடப்பது கொடுமை என்பதை அந்தப் படம் ஒருகணமும் மறப்பதில்லை.

இப்போது 1992. படத்தின் பெயரிலேயே ஸ்டோக்கர் பெயரைச் சேர்த்தார்கள், அதுதான் சண்டைக்கு முதல் காரணம். கொண்டாடுபவர்கள் சொல்வதில் தப்பு இல்லை. லூசியைக் காதலிக்கும் மூன்று பேரும் அவரவராக வருகிறார்கள். நாட்குறிப்பு, டைப்ரைட்டர், ஃபோனோகிராஃப் எல்லாம் திரையில் இருக்கின்றன. டிராகுலா கிழவனிலிருந்து இளைஞனாகிறான், லண்டன் தெருவில் பகலில் நடக்கிறான். கணினி வித்தை இல்லாமல் பழைய முறையில் கேமராவுக்குள்ளேயே செய்த தந்திரங்களும், ஆஸ்கர் வாங்கிய ஐகோ இஷியோகாவின் உடைகளும் இன்றைக்கும் கண்ணை விட்டு அகலாதவை. சவரக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் ஜோனதன் சவரம் செய்யும்போது டிராகுலா பின்னால் வந்து நிற்கிறான், கண்ணாடியில் அவன் தெரியவில்லை. அவன் கண்ணாடியை ஜன்னல் வழியாக வீசிவிட, இனி எப்படி முகம் மழிப்பது என்று ஜோனதன் சலித்துக்கொள்கிறான். படத்தில் டிராகுலாவாக வரும் கேரி ஓல்ட்மேன் அந்தக் கத்தியிலிருந்த ரத்தத்தை நக்குவார். ஸ்டோக்கர் எழுதாத செய்கை, ஆனால் ஸ்டோக்கரின் காட்சிக்குள்ளிருந்தே முளைத்தது. தழுவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எதிர்ப்பவர்கள் கை வைப்பது காதல் கதையில். மினா, நானூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த டிராகுலாவின் மனைவியின் மறுபிறவி. இது நாவலில் எங்கேயும் கிடையாது. மறுபிறவி எடுத்த மனைவி 1972இல் 'பிளாக்குலா'விலேயே வந்துவிட்டாள், 1974இல் டேன் கர்ட்டிஸ் எடுத்த தொலைக்காட்சிப் படத்திலும் உண்டு. காதலை ஆதரிப்பவர்கள் நாவலிலிருந்தே இரண்டு சான்று காட்டுவார்கள். கோட்டையில் தன்னோடு வாழும் மூன்று ரத்தக்காட்டேரிப் பெண்களிடம் டிராகுலா தன்னாலும் நேசிக்க முடியும் என்கிறான். பிறகு மினாவே, இத்தனை துயரத்துக்கும் காரணமான அந்த ஆத்மாதான் எல்லோரையும்விடப் பரிதாபமானது, அவன்மேலும் இரக்கம் வையுங்கள் என்று ஆண்களிடம் கேட்கிறாள்.

இரண்டாவது சான்றை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது காதல் ஆகிவிடாது. மினா அதைச் சொல்லும் நேரத்தில் அவள் நெற்றியில், வான் ஹெல்சிங் வைத்த திருவப்பம் சுட்ட தழும்பு இருக்கிறது. தான் தீட்டுப்பட்டுவிட்டதாகக் கதறியவள் அவள். நாளை தானும் அப்படி ஆகிவிடலாம், அப்போது தனக்கும் யாரோ இரங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்த ஒருத்தி, தன்னைச் சிதைத்தவனுக்காகப் பேசுகிறாள். அவளைக் காதலியாக்கினால் அந்த இரக்கம் பாசத்தின் பலவீனமாகச் சுருங்கிவிடுகிறது. அக்டோபர் 3ஆம் தேதி காட்சியில் டிராகுலா அவள் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைத் தன் மார்பில் அழுத்தித் தன் ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான். கொப்போலா படத்தில் அதே காட்சியில் அவளே கேட்கிறாள், அவன் தயங்குகிறான். கதையின் மையத்திலேயே நடந்ததைத் தலைகீழாக்கிவிட்டு மேலே ஸ்டோக்கர் பெயரைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு பெயரில் வந்திருந்தால் இந்தப் படத்தை நான் இன்னும் நிம்மதியாக ரசித்திருப்பேன்.

பிறகு வந்தவற்றில் 2020இல் மார்க் கேட்டிஸும் ஸ்டீவன் மொஃபட்டும் எழுதிய மூன்று பகுதித் தொடரில், வான் ஹெல்சிங் ஒரு கன்னியாஸ்திரியாக வந்து டிராகுலாவைக் கேள்வி கேட்கும் முதல் பகுதி நன்றாக இருக்கும். மூன்றாம் பகுதியில் கதை நம் காலத்துக்குத் தாவும்போது பிடி நழுவிவிடுகிறது. 2023இல், டிராகுலாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் டிமீட்டர் கப்பலின் கதையைத் தனிப்படமாக எடுத்தார்கள். நாவலில் அது சில பக்கப் பதிவேடுதான். ஒவ்வொருவராக ஆட்கள் காணாமல் போக, கடைசியில் கேப்டன் தன் கைகளைச் சுக்கானில் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதும் அந்தச் சுருக்கத்துக்குள் இருக்கும் பயம் படத்தில் கரைந்துபோனது. 2024இல் ராபர்ட் எக்கர்ஸ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வில் ஓர்லாக்குக்கு மீசை திரும்பி வந்தது, எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இனி தொடர்ச்சி நாவல்கள். ஸ்டோக்கர் தொடர்ச்சி எழுதவில்லை. ஏழு வருடம் கழிந்த பின் ஜோனதன் எழுதும் ஒரு சின்னக் குறிப்போடு முடித்துக்கொண்டார். மினாவுக்கும் அவனுக்கும் பிறந்த பையனுக்குச் செத்துப்போன நண்பன் குயின்சியின் பெயர். 2009இல் ஸ்டோக்கர் குடும்ப வழியில் வந்த டேக்கர் ஸ்டோக்கர், இயன் ஹோல்ட்டோடு சேர்ந்து, இந்தப் பையன் வளர்ந்த பிறகான கதையை எழுதினார். குடும்பப் பெயர் இருப்பதால் அதிகாரபூர்வத் தொடர்ச்சி என்று விளம்பரம் கிடைத்தது. அதில் ஜோனதன் குடிகாரன், ஸீவர்ட் போதைக்கு அடிமை, மினாவுக்கு டிராகுலாமேல் காதல், பையன் உண்மையில் டிராகுலாவின் மகன். 1992 படத்துக்குத் தொடர்ச்சி என்று சொன்னால் நம்பலாம். நாவலின் அந்தச் சின்னக் கடைசிக் குறிப்பைப் பிடித்தவர்கள் இதைத் தொட வேண்டாம்.

நான் சிபாரிசு செய்வது ஃப்ரெட் சேபர்ஹேகன் 1975இல் எழுதிய 'தி டிராகுலா டேப்'. ஸ்டோக்கரின் நாவலில் எதிரிகள் மட்டும்தானே எழுதினார்கள்? இதில் டிராகுலா ஒரு டேப் ரெக்கார்டரில் தன் தரப்பைச் சொல்கிறான், அந்த நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறான். அவன் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் மினா அடுக்கிய காகிதங்களை இவ்வளவு கவனமாகப் படித்து அதன் இடுக்குகளில் இன்னொரு கதையை எழுதியவர் வேறு யாரும் இல்லை. கிம் நியூமன் 1992இல் எழுதிய 'ஆன்னோ டிராகுலா'வும் நல்ல வாசிப்பு. வான் ஹெல்சிங் கூட்டம் தோற்று, டிராகுலா விக்டோரியா மகாராணியையே மணந்துகொண்டால் லண்டன் என்ன ஆகும் என்பது அதன் தொடக்கம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1901இல் ஐஸ்லாந்து மொழியில் வால்டிமார் ஆஸ்முண்ட்சன் பெயரில் ஒரு டிராகுலா புத்தகமாக வந்தது. மொழிபெயர்ப்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தபோது அது கிட்டத்தட்ட வேறு கதை. கோட்டைப் பகுதி பல மடங்கு நீண்டு புத்தகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, லண்டன் பகுதி ஓடிப்போய் முடிகிறது. பிற்பாதியில் நாட்குறிப்புகளே கிடையாது. அதற்கு முன்பே ஒரு ஸ்வீடிஷ் வடிவம் வந்திருந்ததும் பிறகு தெரியவந்தது. கோட்டையைப் பெரிதாக்கிக் காகிதங்களைத் தூக்கி எறியும் பழக்கம் சினிமாக்காரர்கள் கைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், முதலில் 1977ஐப் பாருங்கள், பிறகு 1922, அப்புறம் 1992. சேபர்ஹேகனைப் படிக்கும் முன் நாவலை ஒருமுறை தேதிப்படியே படித்துப் பாருங்கள். 2021இலிருந்து பலர் அப்படித்தான் மே 3ஆம் தேதி தொடங்கி நவம்பர் வரை, அன்றன்றைக்குரிய பகுதியை அன்றன்றைக்குப் படிக்கிறார்கள். புத்தகத்தில் டிமீட்டர் பதிவேடு கப்பல் கரைக்கு வந்த பிறகுதான் மொத்தமாகக் கிடைக்கும். தேதிப்படி படித்தால் ஜூலையிலேயே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இங்கே விட்பியில் மினாவும் லூசியும் கடலைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அந்தக் கப்பலில் ஒரு ஆள் குறைந்திருப்பான்.